வண்டிப் பட்டறை: கேள்வி – பதில்

உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தினமும் பூவும் காய்கறியும் ஏற்றும் டீசல் பிக்கப். போன வாரம் நானே ஆயிலும் பில்டரும் மாற்றினேன். அதிலிருந்து அடியில் சொட்டுகிறது. ரிவர்ஸ் போட்டால் 'டக்' என்று சத்தமும் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

இல்லை. சொட்டுவது நீங்கள் கை வைத்த இடம். சத்தம் போடுவது யாருமே கை வைக்காத இடம்.

அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பில்டர் விளிம்பில் கசிந்தால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதை ஏற்றியிருப்பீர்கள். வண்டியை எடுக்காதீர்கள். பிரஷரில் வளையம் பிதுங்கினால் ஆயில் மொத்தமும் ரோட்டில்தான். பழைய வளையத்தை எடுத்துவிட்டு, புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. டிரைன் போல்ட்டில் ஈரம் என்றால் செம்பு வாஷரை மாற்றுங்கள். ஸ்பேனரில் பைப் செருகி இறுக்கினால், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும்.

இனி சத்தம். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் மூட்டில் இருக்கும் கிராஸைத்தான் (சிலுவை வடிவத் துண்டு, நான்கு முனையிலும் ஒரு கப்) முதலில் சந்தேகப்பட வேண்டும். சமதரையில் முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது). ஹேண்ட் பிரேக்கை விட்டால்தான் ஷாஃப்ட் சுற்றும். கிராஸின் இருபக்க யோக்கையும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) எதிரெதிராக முறுக்குங்கள். அங்கேயே ஆட்டம் தெரிந்தாலோ, கப் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி இருந்தாலோ உள்ளே ஊசி பேரிங் காய்ந்து தேய்ந்துவிட்டது. இனி கிரீஸ் அடித்துப் பயனில்லை, கிராஸை மாற்றுங்கள். ஷாஃப்டைக் கழற்றுமுன் இருபக்கமும் பெயிண்டில் குறி போடுங்கள். மாற்றி மாட்டினால் வேகத்தில் அதிரும்.

ஆட்டம் இல்லையென்றால் நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) துடைத்துவிட்டு லித்தியம் இ.பி. 2 (கடும் அழுத்தம் தாங்கும் வகை) கிரீஸ் அடியுங்கள். இரண்டு பம்ப் அடித்துவிட்டு 'கிரீஸ் அடிச்சாச்சு' என்பார்கள், அது கணக்கில்லை. நான்கு கப்பிலும் கறுப்பு கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையா? ஷாஃப்டை அரைச்சுற்று சுற்றி, ஆட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் நாளைக்கு நடுவழியில் காலை வாருவது அந்த ஒரு கப்தான். ஸ்ப்ளைன் (முன்பின் நகர நீளவாக்கில் பல் வெட்டிய இணைப்பு) இருக்கும் யோக்கில் மட்டும் சீல் ஓரத்தில் தெரிந்ததும் நிறுத்துங்கள். திணித்தால் யோக் நகர இடமின்றி மூடித்தகடு பிதுங்கும். வாட்டர் வாஷ் செய்த பிறகுதான் கிரீஸ், முன்னால் அல்ல.

நிப்பிளில் கிரீஸ் ஏறாமல் கிரீஸ் கன் வாயிலேயே வழிகிறது.
– வாசகர், மேலூர்

நிப்பிள் நுனியில் ஒரு குட்டிக் குண்டு இருக்கும். குவாரித் தூசி படிந்தால் அது சிக்கிக்கொள்ளும். ஊசியால் அழுத்துங்கள்; துள்ளித் திரும்பாவிட்டால் நிப்பிளையே மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான். கன் வாயைச் சாய்க்காமல் நேராகப் பிடிப்பதும் முக்கியம்.

புது ஆயில் ஆயிரம் கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுகிறது. மாற்றவா? கையேட்டில் ஆறு லிட்டர் என்றால் அரை லிட்டர் கூட ஊற்றலாமா?
– வாசகர், திருமங்கலம்

டீசல் ஆயில் கறுப்பது கரியைத் தன்னில் சுமப்பதால். அதற்காக மாற்ற வேண்டாம், கையேட்டின் கிலோமீட்டரே கணக்கு. கூடுதலாக ஊற்றாதீர்கள். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைத்தால் பிரஷர் விழும். முதலில் ஐந்தரை லிட்டர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். வடித்த ஆயிலைக் கண்மாய்க்கரையில் கொட்டாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.