மகனிடம் குடியைப் பற்றிப் பேசியபோது நான் செய்த தவறு

"பத்தாம் வகுப்பு படிக்கும் மகனிடம் மது, போதைப்பொருள் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒன்று கண்ணில் பட்ட பிறகே இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது.

2024 ஜூன் மாதம், நண்பனின் பிறந்தநாளுக்குப் போய் வந்த என் மகன் ஏலக்காயை மென்றபடி என்னைக் கடந்து போனான். ஏலக்காயையும் மீறி பீர் வாடை அடித்தது. பதற்றத்தில், "ஒரு வாய் குடித்தாலும் ஈரல் வெந்துவிடும்" என்றேன். "சித்தப்பா பதினஞ்சு வருஷமா குடிக்கிறாரே அம்மா?" என்று கேட்டான். அந்த ஒரு மிகைச்சொல்லால், பிறகு நான் சொன்ன உண்மைகளையும் அவன் நம்பவில்லை.

அதே மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, "மெத்தனால் குடிச்சா ஏம்மா கண்ணு போகுது?" என்று அவனே வந்து கேட்டான். அடுப்பை அணைத்துவிட்டு, அது உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைத் தாக்குவதை அவனுடைய வேதியியல் நோட்டிலேயே இருவரும் எழுதிப் பார்த்தோம். பீரில் இருப்பது எத்தனால், அது அப்படிக் கண்ணைப் பறிப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால், மனிதன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முதிர ஏறத்தாழ 25 வயதாகும் என்பதையும், இளம் வயதில் குடிக்கத் தொடங்குபவர்கள் அடிமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதையும், காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும் சித்தப்பாவின் கை நடுங்குவதையும் சேர்த்துச் சொன்னபோது அவன் குறுக்கே பேசவில்லை.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளிடம் வயதைக் கேட்காமல் பாட்டிலை நீட்டியவரை உறவினர் ஒருவரும் குறை சொல்லவில்லை. "வேலைக்குப் போகிறவள் வளர்த்த பிள்ளை" என்று என்னைத்தான் சொன்னார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

குடித்துவிட்டு வந்தவனைக் கண்டிக்காமல் பாடம் நடத்தினாயா என்று சிலர் கேட்கலாம். கண்டித்தேன், குடிக்கக் கூடாது என்பதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. அதோடு, எந்த நேரத்தில் அழைத்தாலும் வந்து கூட்டிப்போவோம், அன்றிரவு கேள்வி கேட்க மாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து இரவு பத்தரை மணிக்கு அழைத்து, வண்டி ஓட்டுகிற நண்பன் குடித்திருக்கிறான், அவன் பின்னால் ஏற மாட்டேன் என்றான். என் கணவர் போய் அவனை அழைத்து வந்தார். மறுநாள் மாலைதான் அதைப் பற்றிப் பேசினோம்.

உங்கள் மகனுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தால் வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசகரிடம் முதலில் நீங்கள் பேசுங்கள்.