அல் குவா பாலைவனத்துல குளிர்கால வானம்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி (ஷார்ஜா): அண்ணா, டிசம்பர்ல அபுதாபியோட அல் குவா பாலைவனம் போனா மில்கி வே (பால்வீதி) படம் எடுக்கலாமா?
பதில்: நடுப்பகுதி கிடைக்காது தம்பி. இப்ப சூரியன் தனுசுப் பக்கம் நிக்குது, அதனால அது பகல்லயே உதிச்சு பகல்லயே மறைஞ்சுடும். பிப்ரவரி கடைசில விடியக்காலைல பாக்கலாம். இப்போதைக்கு ஓரியன், ரோஸெட்னு ரெண்டு நெபுலா (விண்வெளி வாயு மேகம்), கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எடுங்க, அருமையா வரும்.

கேள்வி (துபாய்): ட்ராக்கர் (நட்சத்திரத்தோட சேர்ந்து கேமராவத் திருப்பற கருவி) இல்ல, 24 எம்எம் லென்ஸ். எத்தனை செகண்ட் வைக்கலாம்?
பதில்: ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரான்னா, நட்சத்திரம் கோடா இழுபடாம இருக்க ஒரு பழைய கணக்கு: 500ஐ 24ஆல வகுத்தா கிட்டத்தட்ட 21 செகண்ட் வரும், ஆனா இப்ப வர்ற கேமராவுக்கு அதுவே ஜாஸ்தி, 10 வச்சு நிறைய எடுத்து ஸ்டாக் பண்ணுங்க (எல்லாத்தையும் ஒரே படமா சேத்துடுங்க). அங்க நின்னுக்கிட்டு லென்ஸ் மட்டும் மாத்தாதீங்க, மணல் உள்ள போயிடும்.

கேள்வி (அபுதாபி): நடுராத்திரிக்கு மேல எல்லாப் படமும் மங்கல். ஃபோகஸ் நகர்ந்துடுச்சா சார்?
பதில்: லென்ஸ்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, பனி பிடிச்சிருக்கும். துடைக்காதீங்க, மணலோட சேர்ந்து கீறிடும். லென்ஸ லேசா சூடாக்கற ட்யூ ஹீட்டர் பட்டைய ஆரம்பத்துலயே சுத்திடுங்க.

கேள்வி (துபாய்): பாலைவனத்துல பனியா? ஹீட்டர் விக்கறதுக்கு சொல்ற கதை.
பதில்: குளிர்காலத்துல காலைல அங்க நிறுத்தின கார் கண்ணாடியத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? வளைகுடாக் கடல் ஈரம் ராத்திரி உள்நாடு வரைக்கும் வருது, அதனாலதான் விடியக்காலைல அங்க மூடுபனியே இறங்குது.

கேள்வி (அதே துபாய்): காத்து 12 டிகிரி, பனிப்புள்ளி (இந்த அளவுக்குக் குளிர்ந்தாதான் பனி படியும்) 10. கணக்கு இடிக்குதே?
பதில்: நல்ல கேள்வி. நீங்க அளந்தது காத்த, லென்ஸ இல்ல. மேகமில்லாத வானத்தப் பாத்து நிக்கற கண்ணாடி தன் சூட்டை மேல வீசிக்கிட்டே இருக்கும், திரும்பி வர்றது ரொம்பக் கம்மி, அதனால சுத்தி இருக்கற காத்தவிட ரெண்டு மூணு டிகிரி கீழ போயிடும், அப்ப 10க்குக் கீழதானே, பனி பிடிக்காம என்ன செய்யும்? லென்ஸ் ஹுட் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஏன்னா அது கண்ணாடி பாக்கற வானத்தைக் குறைக்குது. ஹீட்டர் லென்ஸ காத்தவிட லேசா சூடா வச்சாலே போதும், ஒரு பவர் பேங்க் ராத்திரி முழுக்கத் தாங்கும். அத ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கேள்வி (அஜ்மான்): ஜனவரி தொடக்கத்துல மில்கி வே நடுப்பகுதி?
பதில்: முதல் பதில்லயே இருக்கு.

கேள்வி (அல் ஐன்): போலாரிஸ் (துருவ நட்சத்திரம்) சிக்கவே மாட்டேங்குது.
பதில்: அங்க அது 23 டிகிரி உயரம்தான், வடக்க மணல்மேடு மறைக்காத இடமா பாருங்க.

கேள்வி: எந்த போன் வாங்கலாம்?
பதில்: அது தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

கேள்வி (ஷார்ஜா): முடிச்சதும் கேமராவ கார்ல வச்சிடலாமா?
பதில்: குளிர்ந்த கேமரா மேல கார் சூடு பட்டா பனி பிடிக்கும், அதனால வெளியவே பையில போட்டு ஜிப் மூடிட்டு அப்புறம் ஏத்துங்க, வீட்ல ஒரு மணி நேரம் கழிச்சுத் திறங்க. லென்ஸையும் அப்ப கழட்டுங்க, அங்க வேண்டாம்.