குகை சொல்லும் கதை

கேள்வி: டிராகன் ஏஜ் வீடியோ கேம் தொடரைக் கெடுத்தது வெளியீட்டாளர் ஈஏதான் என்று என் தம்பி சண்டை போடுகிறான். ஆட்டத்தை உருவாக்கியது பயோவேர்தானே?

பதில்: நான் உங்கள் தம்பி பக்கம். முதல் ஆட்டம் வந்தது 2009 நவம்பரில், இரண்டாவது 2011 மார்ச்சில். 16 மாத அவசரம் கண்ணுக்கே தெரியும். இரண்டாவதில் எங்கே போனாலும் அதே குகை, அதே வளைவு. ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டு வேறு இடம் என்பார்கள். மூன்றாவது முறை நுழைந்தபோது எனக்கு மனசே விட்டுப்போனது. நான்காவதையோ பலர் சேர்ந்து ஆடும் ஆட்டமாகத் திட்டமிட்டு, பிறகு தனியாள் ஆட்டமாக மாற்றினார்கள், 2024இல்தான் வெளிவந்தது. சரி, பயோவேரின் பங்கு? அத்தனை நெருக்கடியிலும் இரண்டாவது ஆட்டத்தின் கிர்க்வால் நகரத்துக் கதையை வேரிக் என்ற கதாபாத்திரத்தின் வாயால் சொல்ல வைத்தார்களே, அந்த எழுத்துக்காகவே இன்னொரு முறை ஆடுவேன்.