மளிகைக் கடை பாரில் பியரும் சீஸும்: எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி: வேலை மாற்றலாகி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகருக்கு வந்திருக்கிறோம். வீட்டருகே உள்ள பெரிய மளிகைக் கடைக்குள்ளேயே ஒரு பார் இருக்கிறது. உள்ளூர் பியர்களை நான்கு சிறு கோப்பைகளில் ‘ஃப்ளைட்’ என்று தருகிறார்கள். சீஸ் தட்டும் உண்டு. எதை எந்த வரிசையில் கேட்பது? மனைவி சைவம், பியர் தொடமாட்டார், சீஸ் என்றால் பிரியம். அவர் எதைச் சாப்பிடலாம்? நான்கு சிறு கோப்பைகளுக்குப் பிறகு நான் காரோட்டலாமா?

பதில்: சீஸ் தட்டை ஆர்டர் செய்யாதீர்கள். அந்தத் தட்டில் வருவது பெரும்பாலும் யாருக்கும் பிரச்சினை தராத மூன்று சீஸ், ஒரு கைப்பிடி திராட்சை, கொஞ்சம் பிஸ்கட். அதே சீஸும் அதைவிட நல்ல சீஸும் பத்தடி தள்ளியிருக்கும் சீஸ் கவுண்டரில் பாதி விலைக்குக் கிடைக்கக்கூடும். மளிகைக் கடைக்குள் பார் இருப்பதன் லாபமே அந்தப் பத்தடிதான். தனி பாரில் அவர்கள் தருவதைத்தான் தின்ன வேண்டும்.

ஆகவே முதலில் கவுண்டருக்குப் போங்கள். சீஸ் தயாரிப்பவருக்கு அரசு உரிமம் கட்டாயம் என்று வைத்திருக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் விஸ்கான்சின். சீஸை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஊர் என்பதால் கவுண்டரில் நிற்பவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். “கொஞ்சம் ருசி பார்க்கலாமா?” என்று கேட்டால் கத்தியால் ஒரு சீவல் சீவி நீட்டுவார்கள். கூச்சப்படத் தேவையில்லை, அது இலவசம். பல கவுண்டர்களின் ஓரத்தில் ஒரு சிறு கூடை இருக்கும். பெரிய கட்டிகளை வெட்டும்போது மிஞ்சிய துண்டுகளை அதில் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் சில டாலர்தான். அங்கிருந்து மூன்று நான்கு வகை எடுத்தால் இருவருக்குத் தாராளம். பணம் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, பாரில் பிரித்துச் சாப்பிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல கடைகளில் மறுக்கமாட்டார்கள்.

சீஸை வாங்கியவுடன் தின்னாதீர்கள். குளிர்பெட்டியின் குளிர் போகாத செடார் வகைச் சீஸுக்கு மெழுகின் ருசிதான் இருக்கும். அரை மணி நேரம் வெளியே இருந்தால் கொழுப்பு இளகி வாசனை எழும்பும். அந்த நேரத்தில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கும் வேலையை முடித்துவிடலாம். பாலும் உறைந்த பட்டாணியும் கடைசியில், பாரிலிருந்து எழுந்த பிறகு.

இனி வரிசை. பியரில் இளசிலிருந்து கனத்துக்கும், சீஸில் மென்மையிலிருந்து முரட்டுக்கும் போக வேண்டும். தலைகீழாகப் போனால் முதல் கோப்பையிலேயே நாக்கு மரத்துவிடும். பிறகு வருவதெல்லாம் தண்ணீர்.

முதல் ஜோடி சீஸ் கர்ட்ஸும் நியூ கிளாரஸ் நிறுவனத்தின் ஸ்பாட்டட் கௌ என்ற பியரும். 1993-இல் தொடங்கிய இந்த நிறுவனம் தன் பியரை விஸ்கான்சினுக்கு வெளியே விற்பதில்லை. பக்கத்து மாநிலத்தார் டிக்கியில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவது அதனால்தான். சற்றுக் கலங்கலாக, லேசான இனிப்போடு இருக்கும், கசப்பு குறைவு. முதன்முறை குடிப்பவர் முகம் சுளிக்காத பியர். கர்ட்ஸ் என்பவை அச்சில் அழுத்தப்படாத புதிய செடார் துண்டுகள். அன்றைக்குச் செய்ததென்றால் கடிக்கும்போது பல்லில் ‘கிரீச்’ என்று சத்தம் வரும். பால் புரதங்களைக் கால்சியம் இறுகக் கட்டி வைத்திருப்பதால் வரும் சத்தம் அது. ஓரிரு நாளில் அமிலம் கூடிக் கால்சியம் கரைய, சத்தமும் போய்விடும். எனவே ‘இன்று வந்ததா?’ என்று கேட்டு வாங்குங்கள். பழையதாகிவிட்டால் மைக்ரோவேவில் சில விநாடி வைத்தால் கொஞ்சம் சத்தம் திரும்பும்.

இரண்டாவது, பிரிக் சீஸ், அதாவது ‘செங்கல்’ சீஸ். இது இந்த மாநிலத்திலேயே பிறந்தது. 1877-இல் ஜான் யோஸி என்பவர் உருவாக்கினார். தெரெசா ஊரிலுள்ள விட்மர்ஸ் சீஸ் ஆலையில் இன்றும் நிஜச் செங்கல்லை வைத்துத்தான் அழுத்துகிறார்கள். மேல்தோலை உப்புநீரில் கழுவிக் கழுவி வளர்ப்பதால் நாற்றம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், உள்ளே வெண்ணெய் போல் மென்மை. இதற்கு மில்வாக்கியின் லேக்ஃபிரண்ட் செய்யும் ரிவர்வெஸ்ட் ஸ்டைன் போன்ற செம்பழுப்பு லாகர் வகைப் பியர் பொருத்தம். வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) இனிப்பு அந்த நாற்றத்தின் முனையை மழுக்கிவிடும். இதுவே பிடித்துவிட்டால் அடுத்த முறை இதைவிட நாற்றம் கூடிய லிம்பர்கர் சீஸ் பக்கம் போகலாம். அதை இதே மாநிலத்தின் மன்றோ ஊரில் செய்கிறார்கள். ஆனால் மூடிய காரில் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் மனைவியிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, நாள்பட்ட செடாரும், ஹாப் என்ற பூவின் கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. வகைப் பியரும். மினரல் பாயின்ட் ஊரின் ஹூக்ஸ் பத்தாண்டுக்கும் மேல் வைத்திருந்த செடாரையே விற்கிறார்கள். ஐந்தாண்டுச் சரக்கே உங்களுக்குப் போதும். மெல்லும்போது நறநறவென்று தட்டுப்படுவது மண்ணோ உப்போ அல்ல. முதிரும்போது உருவாகும் படிகங்கள். மேடிசனில் பிறந்த கார்பன்4 நிறுவனத்தின் ஃபேன்டஸி ஃபேக்டரி என்ற ஐ.பி.ஏ. இங்கே சரியாக நிற்கும். ஹாப் கசப்பு கொழுப்பை அறுக்கிறது, செடாரின் உப்பு கசப்பை அடக்குகிறது, நுரை நாக்கைத் துடைத்துவிடுகிறது. மிளகாய் சேர்த்த பெப்பர் ஜாக்கை மட்டும் ஐ.பி.ஏ.வோடு வைக்காதீர்கள். கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். ஊறுகாய் தின்று வளர்ந்த நாக்குக்கும் அது சுகமில்லை.

கடைசியில் ஸ்டவுட் என்ற கறுத்த பியரும், நீலப் பூஞ்சை படர்ந்த நீல சீஸும். உப்பும் சாக்லெட் கசப்பும் சேரும் இடம். பிடித்தால் மிகவும் பிடிக்கும், இல்லையென்றால் இல்லை.

நான் சொன்ன பியர் அன்றைக்குப் பாரின் குழாயில் இல்லாமல் போகலாம். பட்டியல் வாரத்துக்கு வாரம் மாறும். “இந்த ரகத்தில் உள்ளூர்ச் சரக்கு எது?” என்று கேட்டாலே போதும். முடிவு செய்யும் முன் ஒன்றிரண்டு மடக்கு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அதற்கு மேல் கேட்பது அழகல்ல. வயதுச் சான்றுக்குப் பாஸ்போர்ட் எடுத்துச் செல்லுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஏற்காமல் போகலாம். சீஸ் கவுண்டரில் டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. பாரில் பில்லுக்கு 15 முதல் 20 சதவீதம் உண்டு.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பாலைத் திரைக்கப் பயன்படும் ரென்னெட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ விதிப்படி அதைக் கொண்டுதான் செய்யப்பட வேண்டும். அதை முற்றிலும் தவிர்க்கட்டும். அமெரிக்கச் சீஸில் பெரும்பகுதி 1990-இல் அனுமதி பெற்ற, நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கும் நொதியால் செய்யப்படுகிறது. சிக்கல் லேபிளில்தான். வெறும் ‘என்சைம்ஸ்’ என்று போட்டிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ‘மைக்ரோபியல் ரென்னெட்’ அல்லது ‘வெஜிடபிள் ரென்னெட்’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை. எழுதியிராத கைத்தொழில் சீஸ்களுக்குக் கவுண்டரில் கேளுங்கள். அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லையென்றால் அதை விட்டுவிடலாம். அவர் தின்னக்கூடியவை அங்கே ஏராளம்.

இனி கார். கோப்பைகளை எண்ணாதீர்கள், ஆல்கஹாலை எண்ணுங்கள். அமெரிக்கக் கணக்கில் ‘ஓர் அளவு’ என்பது 5 சதவீத பியர் 12 அவுன்ஸ், அதாவது 0.6 அவுன்ஸ் சுத்த ஆல்கஹால். நான்கு அவுன்ஸ் கோப்பைகள் நான்கு. பியர்கள் 5, 5, 6, 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் 11-ஐத் தொடுவது சகஜம். மொத்தம் 1.08 அவுன்ஸ் ஆல்கஹால், கிட்டத்தட்ட இரண்டு அளவு. சில பார்களில் ஐந்து அவுன்ஸ் ஊற்றுவார்கள். அப்போது இரண்டைத் தாண்டிவிடும். ஓர் அளவைக் கரைக்க உடலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும்; காபியோ சீஸோ அதை வேகப்படுத்தாது.

விஸ்கான்சினில் காரோட்டுபவருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். முதல் முறை பிடிபட்டால் இங்கே அது குற்றவியல் வழக்குகூட அல்ல என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பயன்படாத உண்மை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அப்படி ரத்தானால், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் அடுத்த முறை சென்னை போனால் புதிய விசா இல்லாமல் திரும்ப முடியாது. ஆகவே சாவி மனைவியிடம் இருக்கட்டும். அவருக்கு இன்னும் உரிமம் இல்லையென்றால் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய் வாருங்கள். உறைந்த பட்டாணியை வேறொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.