முகம் பன் மாதிரி உப்பிய நாய்க்குட்டி: கேள்வி பதில்

சம்பா அறுப்பு தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: நாய்க்குட்டியின் முகம் திடீரென்று வீங்கிவிட்டது. டெல்டாவில் முப்பது வருடம் மாடு, ஆடு, நாய் என்று வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில், வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருவையாறு): டாக்டர் சார், எங்கள் ஏழு மாத நாட்டு நாய் தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டு வந்தது. அரை மணி நேரத்தில் முகம் பன் மாதிரி உப்பி, கண் இரண்டும் இடுங்கிவிட்டது. மூஞ்சியைத் தரையில் தேய்க்கிறது. ஆனால் வாலாட்டுகிறது, பிஸ்கட்டும் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாகக் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள் தம்பி. கயிறு கட்டியிருந்தால் அதையும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் பட்டை இறுகி மூச்சை அடைக்கும்.

அடுத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். அது வெளுத்திருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வண்டியை எடுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கதண்டோ (பெரிய குளவி) தேனீயோ கொட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெத்தென்று, அரிப்போடு வீங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமைதான். முதுகு முடியைக் கோதிப் பாருங்கள், தோல் காசு காசாகத் தடித்திருக்கும். கொட்டிய விஷத்துக்கு எதிராக உடம்பு ஹிஸ்டமினை வெளிவிடுகிறது. அதனால் சின்ன ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோலுக்கு அடியில் தேங்குகிறது. உதடும் இமையும் தளர்ந்த இடங்கள், அங்கேதான் முதலில் தெரியும்.

தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ வழித்து எடுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பலமுறை கொட்டும். ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி ஐந்து, பத்து நிமிடம் ஒற்றுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் நாக்கும் வெந்துபோகும்.

வாலாட்டுகிறது என்பது நல்ல செய்தி. ஆனாலும் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டுவிடுங்கள். நாயின் உடம்பில் கடும் ஒவ்வாமை குடலையும் ஈரலையும்தான் அதிகம் தாக்கும். அதனால் முகம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதைவிட, வாந்தி எடுக்கிறதா, கழிகிறதா, கால் துவள்கிறதா, மூச்சில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அட்ரினலின் தேவைப்படலாம். அப்போது நிமிடக் கணக்குதான்.

கேள்வி (மன்னார்குடி): ஐயா, ஒன்றரை வயது ராஜபாளையம். நேற்று ராத்திரி வைக்கோல் போர் பக்கம் குரைத்துக்கொண்டிருந்தது, திடீரென்று கத்தியது. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, ரத்தம் சொட்டாக வந்தது. தொட்டால் உறுமுகிறது. பூச்சிக்கடிதான், காலையில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். இப்போது கழுத்து வரை வீங்கிவிட்டது. பச்சிலை கொடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: பச்சிலை வேண்டாம். இதைப் படிக்கும்போதே கிளம்புங்கள். ஒரு பக்கம் மட்டும், வலியோடு, ரத்தம் கசிந்து, மணிக்கு மணி பெரிதாகிற வீக்கம் என்றால், வேறு காரணம் தெரியும்வரை நான் அதைக் கண்ணாடி விரியன் என்றே எடுத்துக்கொள்வேன். அறுப்புக் காலத்தில் எலி வைக்கோலுக்கு வரும், எலியைத் தேடி விரியன் வரும், சீறுகிற சத்தத்தைத் தேடி நாய் மூக்கை நீட்டும். அதனால்தான் நாய்களுக்குக் கடி முகத்திலோ முன்னங்காலிலோ விழுகிறது.

நாயை நடத்தாதீர்கள், சாக்கிலோ போர்வையிலோ கிடத்தித் தூக்கிப் போங்கள். கடிவாயைக் கீறவும் கட்டவும் வேண்டாம். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு அதிக தூரமில்லை. கிளம்பும் முன் போன் போட்டு, பாம்பு விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒரு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸும் உண்டு, ஆனால் கையில் வண்டி இருந்தால் காத்திருக்காதீர்கள்.

எனக்கு மறக்காத ஒரு தை மாதம். உங்களைப் போலவே ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்து, காலையில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் ஒரு விவசாயி. ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தேன். சாய்த்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் குழாயில் ஒட்டி நிற்க வேண்டும். இது தண்ணீராக ஓடியது. அவர் கண் முன்னாலேயே ஓடியது. விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையையே தின்றுவிடும், அப்புறம் சிறுநீரகத்தில் கை வைக்கும். மருந்து ஏற்றினோம், ரத்தம் உறைய ஆரம்பித்தது. ஆனால் சிறுநீரகம் அதற்குள் போய்விட்டது, மூன்றாம் நாள் குட்டி இறந்தது. ராத்திரியே வந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

இன்னொன்று. ‘குட்டிதானே, பாதி மருந்து போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விஷமுறிவு மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்ததல்ல, உள்ளே போன விஷத்தைப் பொறுத்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இமை சொருகும், பின்னங்கால் இழுக்கும், அவ்வளவுதான் தெரியும். அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் ஏற்றும்போதே சில நாய்களுக்கு ஒவ்வாமை வந்து முகம் வீங்கும். பயந்து நிறுத்தச் சொல்லாதீர்கள், மருத்துவர் அதற்குத் தயாராகவே இருப்பார்.

கேள்வி (கும்பகோணம்): வீட்டில் அவில், செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரைகள் இருக்கின்றன. அவசரத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே நாய்க்கும் பயன்படுகிற மருந்துகள்தான். ஆனால் அளவை நாயின் எடை தெரிந்த மருத்துவர் போனில் சொல்லட்டும். மாத்திரை அட்டையை நன்றாகப் படியுங்கள் அம்மா. சளி மாத்திரை என்று வருவதில் செட்ரிசினோடு பாராசிட்டமாலும் ஃபினைலெஃப்ரினும் கலந்திருக்கும், அது நாய்க்கு ஆபத்து. வலிக்கிறதே என்று புரூஃபென், டைக்ளோஃபினாக் கொடுப்பது அதைவிட மோசம். குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். தொண்டை வரை வீங்கிய நாய்க்கு எந்த மாத்திரையையும் வாய்க்குள் திணிக்காதீர்கள், புரை ஏறிவிடும். ஊசிதான் சரி.

கேள்வி (பட்டுக்கோட்டை): மூன்று மாத லேப்ரடார் குட்டி. இரண்டாவது தடுப்பூசி போட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. ஒவ்வாமைக்கு ஊசி போட்டதும் வடிந்தது. இனி தடுப்பூசியே வேண்டாம் என்கிறார் அப்பா.

பதில்: அப்பாவின் பயம் புரிகிறது. ஆனால் பார்வோ என்ற வைரஸ் கழிச்சலும் வெறிநாய்க்கடியும் சுற்றுகிற ஊரில் தடுப்பூசி இல்லாமல் குட்டியை வளர்க்க முடியாது. எந்தத் தடுப்பூசிக்கு வீங்கியது என்று குட்டியின் தடுப்பூசி அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள், மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரையும் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவர் முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல் பிரித்துப் போடுவார். காலை நேரமாகப் பார்த்துப் போங்கள், போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள்.

கேள்வி (சீர்காழி): முருங்கை மரத்தடியில் படுத்திருந்த குட்டிக்கு உதடும் நாக்கும் தடித்து எச்சில் ஒழுகுகிறது.

பதில்: மேலே பாருங்கள், கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும். அதன் முடிதான் குத்தியிருக்கிறது. துணியால் தேய்க்காதீர்கள், முடி இன்னும் உள்ளே போகும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், அப்புறம் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் ஓடவிட்டுக் கழுவுங்கள், தொண்டைக்குள் போகாமல். நாக்கு கறுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய குட்டிக்கும் இதே மாதிரி நுரை தள்ளும், கழுவுவதும் இப்படியேதான்.

கேள்வி (பாபநாசம்): இரண்டு மாதக் குட்டி. நான்கு நாளாக மூஞ்சி வீங்கி, உதட்டைச் சுற்றிச் சீழ்க்கொப்புளம், தாடைக்கு அடியில் கட்டி. ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை.

பதில்: ஒவ்வாமை இப்படி நான்கு நாள் நின்று சீழ் பிடிக்காது. குட்டிகளுக்கு மூன்று வாரத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் வருகிற ஒரு நோய் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலையும் நெறிக்கட்டிகளையும் தாக்குவது அது. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் கேட்காது, ஸ்டீராய்டு தேவை. ஆனால் சொறிப்பூச்சியா என்று தோலைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும். கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள், நிரந்தரத் தழும்பாகும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): தெருவில் சோறு வைக்கிற குட்டிக்குத் தாடை தொங்குகிறது, எச்சில் வழிகிறது. எலும்பு சிக்கியிருக்கும் போல, கைவிட்டு எடுக்கலாமா?

பதில்: கையை விடவே கூடாது. தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தால் அது வெறிநோயாக இருக்கலாம், எலும்பு போலவேதான் தெரியும். குழந்தைகளை விலக்கிவிட்டு, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி (திருவையாறு, மறுபடி): சார், ஊசி போட்டு வடிந்துவிட்டது. ஆனால் சாயந்திரம் இடது கண் மட்டும் கொஞ்சம் தடிக்கிற மாதிரி இருக்கிறது.

பதில்: மருந்தின் வேகம் தணியும்போது இப்படித் திரும்ப வருவது உண்டு. ஈறை மறுபடி அழுத்திப் பாருங்கள். ரோஸாக இருந்து, குட்டி தண்ணீர் குடித்தால், மருத்துவருக்குப் போன் செய்து அடுத்த வேளை மருந்து கேளுங்கள். இன்று ராத்திரி கட்டிப் போடாமல் உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து மூச்சைப் பாருங்கள். தோப்பில் கூடு எந்த மரத்தில் என்று தெரிந்தால் நீங்களாகத் தீ வைக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து அழிப்பார்கள். காலையில் ஈறு என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.