என்சிசி முகாமில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகலாமா? என்ன கொண்டு போகலாம்?

ஒன்பதாம் வகுப்பு மகளை முதல்முறையாகப் பத்து நாள் என்சிசி (தேசிய மாணவர் படை) முகாமுக்கு அனுப்பிவிட்டு, போய்ப் பார்த்தால் அழுதுவிடுவாளோ, போகாவிட்டால் ஏங்கிப்போவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். போய்ப் பாருங்கள். ஆனால் பள்ளியின் என்சிசி ஆசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா முகாமிலும் பெற்றோரை அனுமதிப்பதில்லை. முகாமின் தலைமை அதிகாரி முடிவு செய்வது அது. என் மகள் போன முகாமில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை என்று சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்குச் சாத்தூர். முகாம் திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கல்லூரி வளாகத்தில், மே மாத வெயிலில் நடந்தது. நான், கணவர், ஆறாவது படிக்கும் மகன், என் மாமியார் என நால்வரும் போனோம். மாமியாருக்கு இந்த முகாமே பிடிக்கவில்லை. வயதுக்கு வந்த பெண் பத்து ராத்திரி வெளியில் படுப்பதா என்று ஒரு வாரமாகப் புலம்பினார். என்சிசியில் பெண்கள் பிரிவு 1949லேயே வந்துவிட்டது, நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே அம்மா என்று கணவர் சொல்லிப் பார்த்தார். “அப்போது போனது யார் வீட்டுப் பெண்களோ” என்றார். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறியது அவர்தான். இரண்டு கிலோ காரச்சேவும் ஒரு பை வெள்ளரிப் பிஞ்சும் கட்டி வைத்ததும் அவர்தான். திருமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஐந்து முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டார்.

வாசலில் ஒரு ஹவில்தார் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார். வடநாட்டுக்காரர். தெரிந்த தமிழில் மரியாதையாகப் பேசினார். தூக்குவாளியைப் பார்த்ததும் கை காட்டி நிறுத்தினார். “சமைத்தது வேண்டாம், அம்மா.” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு யோசித்தபோது அவர் பக்கம் நியாயம் தெரிந்தது. காலையில் கட்டிய சோறு அந்த வெயிலில் கெட்டுப்போய், அதைத் தின்று ஒரு பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால் பொறுப்பு அவர்களுடையது அல்லவா? காரச்சேவையும் வெள்ளரியையும் உள்ளே விட்டார்கள். புளியோதரையை நாங்களே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமியார் மட்டும் தொடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு வரிசை நடந்து வந்தது. “தேஜ் சல்” (வேகமாக நட) என்று இந்தியில் ஒரு குரல், கொஞ்ச நேரம் கழித்து “தம்” (நில்) என்று அதே குரல். அத்தனை கால்களும் ஒரே சத்தத்தில் நின்றன. யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு கணீரென்று சொல்கிறது என்று நினைத்தேன். கணவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். “நம் பாப்பா குரல்” என்றார். வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால்கூட வாய்க்குள்ளேயே பதில் சொல்கிற பெண் அவள்.

பக்கத்தில் வந்தபோது தொப்பியில் சிவப்புக் குஞ்சம், முகம் கறுத்து, வலது காலைச் சற்றுச் சாய்த்து வைத்து நடந்தாள். ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். இதில் தப்பு என்னுடையது. முகாமுக்கு முதல் நாள்தான் புது ஷூ வாங்கிக் கொடுத்தேன். உங்கள் மகளை அடுத்த முகாமுக்கு அனுப்பும்போது ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் வீட்டில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். கையோடு தேங்காய் எண்ணெயும் பிளாஸ்திரியும் பருத்திச் சாக்ஸ் நான்கு ஜோடியும் கொடுத்தனுப்புங்கள். நான் கொப்புளத்தைத் தொட்டபோது மட்டும் அவள் கண் கலங்கியது. “மூன்றாம் நாள் ராத்திரியே அழுது முடித்துவிட்டேன் அம்மா. பக்கத்துப் படுக்கை உசிலம்பட்டிப் பெண்ணும் அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்” என்றாள்.

பாட்டி மல்லிகையை எடுத்துத் தலையில் வைக்கப் போனார். அவள் ஓர் அடி பின்னால் போய், “யூனிஃபார்மில் பூ வைக்கக் கூடாது பாட்டி” என்றாள். வலையிட்ட கொண்டை, ஒரு முடி பிசிறாமல் இருந்தது. தினமும் எட்டு மணிக்குப் பின்னலுக்காக என் முன்னால் முதுகைக் காட்டி உட்காருகிறவள், அங்கே நாலரை மணிக்கு எழுந்து தானே போட்டுக்கொள்கிறாளாம். சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கும் பொறுக்கவில்லை போலும். சட்டென்று, “ராத்திரி கலைநிகழ்ச்சியில் எங்கள் அறை கும்மி அடிக்கிறது. அதற்குப் பூ வைக்கலாம், கொடுங்கள்” என்று வாங்கிக்கொண்டாள்.

பிறகு தம்பிக்குத் துப்பாக்கி சுட்ட கதை. .22 ரைபிள், குப்புறப் படுத்துக்கொண்டு ஐந்து ரவை. நடுப்புள்ளியில் பட்டதா என்று அவன் கேட்டான். ஐந்து ஓட்டையும் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுவதைத்தான் அளப்பார்கள் என்று சொல்லி, நோட்டில் ஐந்து புள்ளி வைத்துக் காட்டினாள். அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் அகலம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புள்ளிகளை நெடுநேரம் பார்த்தவர் மாமியார்தான்.

சான்றிதழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் இரண்டு ஆண்டுப் பயிற்சியும் ஒரு முகாமும் முடித்தால் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். கல்லூரியிலும் தொடர்ந்து ‘சி’ வரை போய், பட்டமும் பெற்றவர்களுக்குச் சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரத் தனி வழி உண்டு; எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். பெண்களுக்கும் உண்டு. இதை எனக்குச் சொன்னது என் மகள்தான், அந்த வேப்பமரத்தடியில். அவள் போவாளா என்று தெரியாது. பதினான்கு வயதில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான்கு மணிக்கு விசில் அடித்ததும் ஓடிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று நீங்களும் காத்திருப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

தின்பண்டம் கொண்டு போனால் அவளுக்கு மட்டும் என்று கட்டாதீர்கள். எங்கள் இரண்டு கிலோ காரச்சேவு அன்று இரவே தீர்ந்ததாம். ஓர் அறையில் இருபத்திரண்டு பெண்கள். மல்லிகையை அரைச் சாண் அரைச் சாணாக நறுக்கியும் எல்லாருக்கும் வரவில்லை. கடைசி இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு இவள் பூ இல்லாமல் ஆடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு பாட்டியிடம் இதைச் சொன்னாள். பூ வாங்குவதாக இருந்தால் பத்து முழமாக வாங்கிக்கொண்டு போங்கள்.