எகிப்தின் லக்சர்–அஸ்வான் நைல் கப்பல்: கீழ்த்தள அறை எடுக்கலாமா?

பெற்றோருடன் போகிறீர்கள், அம்மாவுக்கு முட்டிவலி, கீழ்த்தள அறைதான் மலிவு என்கிறீர்கள். பணம் கட்டுமுன் கப்பலைக் காட்டச் சம்மதித்தார்கள் என்றால் வரவேற்பறை சரவிளக்கை விட்டுவிட்டு நேராக அந்த அறைக்கே போங்கள். கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பின்பக்க அறையென்றால் இஞ்சின், ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். குளியலறை வாடையும் அப்போதே தெரிந்துவிடும். ஜன்னல் தண்ணீர் மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். லிஃப்ட் சில கப்பல்களில் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், லக்சரிலும் அஸ்வானிலும் கப்பல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டுவார்கள். கரையேற அடுத்த கப்பல்களுக்குள் புகுந்துதான் நடக்க வேண்டும். திரையை விலக்கினால் பக்கத்துக் கப்பல்காரர் முகம்! அதனால் பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பேன். ஆற்றைப் பார்க்க மேல்தளம் போதும். நடுத்தளத்தில், கப்பலின் நடுவாக உள்ள அறையைக் கேளுங்கள்.